கார்டைக் கழட்டுறவன் கெட்டிக்காரனா?

ஆணி புடுங்குற வேலை அதிகமானதால் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. (நிஜமாவே ஆணிதாங்க. வீட்டுக் கூரைத் தகரம் மாத்தினேன்.) திரும்பி வந்ததுமே கோபமான பதிவான்னு கேக்காதீங்க. மூணு வாரமா உள்ளுக்குள்ள கிடந்து புழுங்குற விஷயம் இது.

பெருமாள்மலையில் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி வைக்க ரெண்டு பேர் வந்தாங்க. மேஸ்திரிக்கு ஐம்பது வயசு, கூட வந்த தம்பிக்கு இருபது இருக்கும். பையிலிருந்து கட்டிங் மெஷின் வெளியே வந்தது. சக்கரத்தை மூட வேண்டிய அரைவட்டத் தகடு, அதான் கார்டு, காணோம்.

"கார்டு எங்கண்ணே?"

"அது மறைக்குது சார். வாங்கின அன்னிக்கே கழட்டிப் போட்டாச்சு. இருபது வருஷமா இப்படித்தான் வெட்டுறேன்."

அவர் சொன்ன தோரணையில் நானும் வாயை மூடிக்கிட்டேன். அரைமணி நேரம்கூட ஆகலை. வெட்டுல சக்கரம் சிக்கி, படார்னு உடைஞ்சது. ஒரு துண்டு, கம்பியைப் பிடிச்சிருந்த தம்பியோட ஸ்வெட்டரைத் தோள்பட்டையில் கிழிச்சுட்டுப் போய்ச் சுவத்துல அடிச்சது. ஒரு பொடி அவன் கண்ணுக்குள்ள. "ஒண்ணுமில்லடா, தொடைச்சு விடுறேன்"னு மேஸ்திரி தலைத்துண்டோட கிட்ட வந்தார். நல்லவேளை, அதையாவது தடுத்தேன். மதுரைக்கு ரொம்ப தூரம், மலைப்பாதை வேற. வழியெல்லாம் அவன் கண்ணைப் பொத்திக்கிட்டு, "அண்ணே, பார்வை போயிருமா?"ன்னு கேட்டுட்டே வந்தான். போகலை. கருவிழி ஓரத்துல ஒட்டியிருந்ததால் தப்பிச்சான். நடுவுல பட்டிருந்தா?

இப்ப அந்த 'இருபது வருஷம்' கதைக்கு வருவோம். இதைச் சொல்றவர் யாரு? தப்பிச்சவர். கண்ணு போனவரும் விரல் போனவரும் இந்தத் தொழிலை விட்டுப் போயாச்சு. அவங்க நம்ம வீட்டுக்குக் கம்பி வெட்ட வர்றதில்லை, அதனால அவங்க கதை நம்ம காதுல விழறதுமில்லை. இதுக்குப் பேர் அனுபவம் இல்லீங்க, அதிர்ஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுத்து சுத்தும். அப்போ சக்கரத்தோட விளிம்பு ஓடுற வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. மலைப்பாதையில் பஸ்ஸு நாற்பதைத் தாண்டினாலே "மெதுவாப் போப்பா"ன்னு கத்துற ஜனம் நாம! 200-ல ஓடுற சக்கரத்துக்கு முன்னாடி வெறும் மூஞ்சியோட குனியிறோம்.

கார்டைக் கழட்டுறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாலு இஞ்ச் மெஷின்ல ஏழு இஞ்ச் சக்கரத்தை எப்படியாவது மாட்டணும். அந்தச் சக்கரத்து மேலயே அதிகபட்ச வேகம் சுமார் 8,500-ன்னு அச்சடிச்சிருக்கும். அதை 11,000-ல சுத்தினா, பிய்ச்சுக்கிட்டுப் போகப் பாக்குற விசை ஒன்றரை மடங்குக்கு மேல ஏறும். மரம் வெட்டுற பல்லு பிளேடை இதுல மாட்டுறது அதைவிட மோசம். பல்லு மரத்துல கவ்விச்சுன்னா மெஷின் கையை விட்டுத் துள்ளும்.

நம்ம ஊருக்குன்னு தனி ஆபத்தும் இருக்கு. குளிருக்கு மஃப்ளர், தொளதொள ஸ்வெட்டர். ஒரு நூல் சுழற்சியில் மாட்டினா கையோ கழுத்தோ பின்னாலயே போகும். மூடுபனியில் கண்ணாடி மங்குதுன்னு கழட்டி வைப்பாங்க. காத்துத் துளை உள்ள கண்ணாடி வாங்குங்கப்பா! மழைக்காலத்துல ஈரத்தரை, எர்த் பின் உடைஞ்ச ஒயர். கோடையில் காய்ஞ்ச புல்லுமேல தெறிக்கிற பொறி. காடு எரிஞ்சா என்ன ஆகும்னு இந்த மலைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அப்புறம் கல் தூசி. நம்ம மலைக்கல்லுல குவார்ட்ஸ் இருக்கு. அதை உலர்வா வெட்டும்போது பறக்கிற நுண்தூசி நுரையீரல்ல தங்கினா சிலிக்கோசிஸ். வந்தா திரும்பப் போகாத நோய். மூக்குல கட்டுற கர்ச்சீப் அதைத் தடுக்காது.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொகுசு"ன்னு ஒரு நண்பர் போன்ல சொன்னார். அய்யா, 1948-லயே நம்ம தொழிற்சாலைகள் சட்டத்துல 35-ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்குன்னே எழுதினாங்க. ஆனா அந்தச் சட்டம் தொழிற்சாலைக்குன்னு இருந்தது. நம்ம வீட்டு மாடிப்படிக்கு அது ஏறி வரலை. இங்க இன்ஸ்பெக்டர் யாரு? கூலி குடுக்கிற நாமதான்.

இன்னொண்ணு. கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு இதை மறக்கலாமா? இங்க 1980-கள்ல வந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-ல மூடியாச்சு. பாதரசத்தால உடம்பு கெட்டுச்சுன்னு போராடின முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல. பதினஞ்சு வருஷம்! அந்தக் கம்பெனியைத் திட்டி நானும் நிறைய பேசியிருக்கேன். ஆனா என் வீட்டு வாசல்ல ஒருத்தன் வெறுங்கண்ணோட நின்னப்போ நான் என்ன செஞ்சேன்? டீ போடப் போனேன்.

மேஸ்திரி மேல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா கோபம் என் மேலதான். வேலை சீக்கிரம் முடியணும்னு பார்த்தேன். கார்டு மெஷினோட டப்பாவிலேயே வருது. கண்ணாடி விலை ஒருநாள் கூலியில் கால்வாசிகூட வராது.

இப்ப எங்க வீட்டுல ஒரு சட்டம். கார்டு இருக்கணும், கண்ணாடி போடணும், பக்கக் கைப்பிடியோட ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும், சக்கரம் மாத்தும்போது பிளக்கைப் புடுங்கணும், சக்கரத்துக்கு நேர் கோட்டுல யாரும் நிக்கக் கூடாது. ரெண்டு கண்ணாடி நானே வாங்கி வச்சிருக்கேன். "அவசரம் சார்"னு சொன்னா, "எனக்கு அவசரமில்லண்ணே"ன்னு சொல்வேன்.

நீங்களும் சொல்லிப் பாருங்க. முறைப்பாங்க. முறைக்கிறதுக்குக் கண்ணு ரெண்டும் இருக்கட்டுமே :-)

பி.கு: தம்பி போன வாரம் வேலைக்குத் திரும்பிட்டான். மிச்சக் கம்பியை அவன்தான் வெட்டினான். கண்ணாடி போட்டுக்கிட்டு.