அலை ஓய்ந்த பிறகா தலை முழுகுவது?

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால், எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் தவறாமல் வரும் பேச்சு இது: "அண்டை நாட்டுக்காரர்கள் முதலில் ஒழுங்காக நடக்கட்டும் சார், ஒத்துழைப்பெல்லாம் அப்புறம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை.

தென்கிழக்கு ஆசியாவைப் பாருங்கள். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவை நாடாகவே ஏற்கவில்லை. போர்னியோ காடுகளில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. 1965ல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. சபா எங்களுடையது என்றது பிலிப்பைன்ஸ். இந்த நால்வரும் தாய்லாந்தோடு சேர்ந்து 1967 ஆகஸ்ட் 8ல் பாங்காக்கில் உட்கார்ந்து ஆசியானைத் தொடங்கினார்கள். சபா விவகாரம் தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் இன்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் வியட்நாம் போரில் அமெரிக்கா பக்கம் படை அனுப்பியவை. அந்த வியட்நாமையே 1995ல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் கதை என்ன? 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் பிறந்தது. கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில். 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, உரி தாக்குதலுக்குப் பின் ரத்தானது. அதோடு சரி. காத்மாண்டுவில் செயலகம் மட்டும் இருக்கிறது. ஆசியான் நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தெற்காசியாவிலோ சுமார் 5 சதவீதம்தான். பக்கத்து வீட்டில் கிடைப்பதை ஊர் சுற்றி வாங்குகிறோம்.

"பயங்கரவாதத்தை மறக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. எல்லையில் காட்ட வேண்டிய கண்டிப்பைக் காட்டட்டும். ஆனால் இரண்டு பேர் சண்டைக்காக நேபாளமும் பூட்டானும் இலங்கையும் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? பத்தாண்டு பேசாமல் இருந்ததால் பயங்கரவாதம் குறைந்ததா?

"அதற்குத்தான் பிம்ஸ்டெக் இருக்கிறதே" என்பார் இன்னொருவர். இருக்கிறது. 2004ல் தடையற்ற வணிகத்துக்குச் சட்டக ஒப்பந்தம் போட்டார்கள். வணிகம்தான் இன்னும் தொடங்கவில்லை!

சண்டையின் நடுவிலும் காரியம் நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2024ல் டாக்காவில் ஆட்சி மாறி, இந்தியாவோடு உறவு கசந்திருந்த நேரம். அதே ஆண்டு நவம்பரில்தான் நேபாளத்து மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக முதன்முதலாக வங்கதேசம் போனது. 40 மெகாவாட்தான். ஆனால் மூன்று நாடுகள் கையெழுத்திட்டால்தான் அது போகும்.

நம் கடலுக்கே வருவோம். எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனவர்கள் நம் பெரியவர்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போர்க்காலத்தில் நின்றது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மீனவர் கைது நின்றுவிட்டதா? இல்லை. ஆனாலும் விட்டார்கள். அதுதான் சரி.

ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வழக்கு நடக்கும் இரண்டு குடும்பங்கள்கூட ஒரே பெட்டியில் ஏறத்தான் செய்யும். அதற்காக யாரும் ரயிலை நிறுத்துவதில்லை. நம் தலைவர்கள் கை குலுக்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். வந்து உட்காரட்டும், போதும்.