மடுவத்தில் இறக்கிய கொழுந்து

மலையகத்துப் பிள்ளைகளுக்கு மடுவம் எதுவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. பறித்த கொழுந்தை நிறுத்து, தொழிற்சாலை லொறி வரும்வரை இறக்கி வைக்கும் இடம் அது. அங்கே கொழுந்து தங்கலாம், குடியிருக்கலாகாது. சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும்.

சென்ற மாதம் ஹட்டன் மாணவன் ஒருவன் தன் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்த பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையெல்லாம் படமெடுத்து, எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புச் சாதனத்தில் ஏற்றியிருந்தான். "எல்லாம் பத்திரமா இருக்கு சேர், போனில அழிச்சிட்டேன்" என்றான். எனக்குத் திக்கென்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை இலங்கையில் பிறந்தமைக்கு அத்தாட்சி கேட்டபோது, காட்டக் காகிதமின்றித் தவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்!

எஸ்.எஸ்.டி. நல்ல மடுவம், அதில் ஐயமில்லை. வன்தட்டில் சுழலும் தகடும் ஓடும் முனையும் உண்டு. சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் முனை அலைந்தே பொழுது போகும். எஸ்.எஸ்.டி.யிலோ அசையும் உறுப்பே இல்லை. வருவதை உடனே வாங்கிக்கொள்ளும். பெரிய நிலையங்கள் பிரதிகளைக் காந்த நாடாவில் காக்கின்றன. 2021இல் வெளிவந்த எல்.டி.ஓ.-9 நாடா விநாடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். ஆனால் வரத்து தடைபடலாகாது. தடைபட்டால் நாடா நின்று, பின்னே சுற்றி, மறுபடி புறப்பட வேண்டும். நேரமும் வீண், நாடாவுக்கும் தேய்மானம். ஆதலால் முதலில் எஸ்.எஸ்.டி.யில் குவித்து, அங்கிருந்து சீராக அனுப்புகிறார்கள்.

அங்கேயே விட்டுவைத்தால் என்ன? எஸ்.எஸ்.டி. தகவலை நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகச் சிறைப்பிடித்து வைக்கிறது. எழுதி அழிக்க அழிக்க அவ்வறைகள் தேயும். மின்சாரமின்றிக் கிடந்தால் ஏற்றம் மெல்லக் கசியும். தேய்மான எல்லையை எட்டிய வீட்டு ரகம், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே தொழில்துறை நியமம். புதியது இன்னும் நெடுநாள் தாங்கும். பேரன் காலம்வரை தாங்குமென்று எவரும் உறுதி சொல்லார்.

மடுவத்தில் நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலையிலும் நிறுப்பதுண்டு. கணினியிலும் அப்படியே. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணித்து, இரு இடத்தும் ஒத்திருந்தால்தான் முதற் பிரதியை அழிக்கலாம்.

நல்லகாலமாகத் தகரப் பெட்டியை அவன் எறிந்துவிடவில்லை. மீண்டும் படமெடுத்து, இரண்டு வன்தட்டுகளில் ஏற்றிச் சரிபார்த்தோம். ஒன்று அவன் லயத்தில் இருக்கிறது. மண்சரிவுக்கு அஞ்சி, மற்றதைக் கொட்டகலையிலுள்ள மாமா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.