கல்லைப் போல ஒரு அலுமினியக் கோபுரம்

மொன்றியலில் வளர்ந்தவர்களில் பலர் அந்தத் தேவாலயத்துக்குக் கீழால் நடந்திருப்பீர்கள். உள்ளே போயிருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான். மக்கில் மெற்றோவில் இறங்கி, குளிருக்குப் பயந்து நிலத்தடியாலேயே கடைகளைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். தலைக்கு மேலே 1859இல் கட்டி முடித்த ஒரு அங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது என்று பல வருசமாக யோசித்ததே இல்லை.

போன வின்ரரில் ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தியின் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சென்ற் கத்தரின் வீதியில், பெரிய கடைக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிற கிறைஸ்ற் சேர்ச் கதீட்ரல். உள்ளே ஒருவர் கடைப் பைகளைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி இருந்தார். இரண்டு பேர் வண்ணக் கண்ணாடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் யார், எந்தச் சமயம், ஏன் வந்தீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. தூண்களின் உச்சியில் செதுக்கியிருக்கும் இலைகளைத் தம்பிக்குக் காட்டினேன். அவை மொன் றோயல் மலையில் வளர்கிற மரஞ்செடிகளின் இலைகள்.

வெளியே வந்ததும் கோபுரத்தைக் காட்டிச் சொன்னேன்: "மேலே தெரியிற கூர் கல் இல்லை. அலுமினியம்."

அவன் சிரித்தான். "அப்ப டூப்ளிகேற் தானே அண்ணா?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இதை வரைந்த பிறாங்க் வில்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் பழைய கோதிக் தேவாலயங்களின் சாயலில், கல்லால் உயர்ந்த ஒரு கூர்க் கோபுரத்தோடு இதை வரைந்தார். 1857இல், கட்டடம் எழும்ப முதலே அவர் இறந்துவிட்டார். தோமஸ் ஸ்கொற் என்பவர் வேலையை முடித்தார். ஆனால் அந்தக் கற்கோபுரத்தின் பாரத்தை இந்த ஊர் மண் தாங்கவில்லை. கோபுரம் மெல்ல மெல்லச் சாய்ந்தது. கடைசியில் 1927இல் கூரைக் கழற்றி எடுத்தார்கள். அடுத்த 13 வருசம் தேவாலயம் கூர் இல்லாமலே நின்றது. 1940இல் அதே உருவத்தில், கல்லைப் போலவே தெரிகிற அலுமினியத் தகடுகளால் புதிய கூர் வைத்தார்கள்.

அதோடு கதை முடியவில்லை. 1980களில் தேவாலயம் தன் நிலத்தைக் கட்டட நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பின்னால் 34 மாடிக் கட்டடம் எழுந்தது. கீழே கடைத்தொகுதிக்காக மண்ணைத் தோண்டியபோது, முழுத் தேவாலயமும் தூண்களின் மேல் அந்தரத்தில் நின்றது. அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மாஸ்ரேர்ஸ் செய்தது கட்டடப் பொறியியலில். இப்போது ஐரி வேலை செய்தாலும், ஒரு கட்டடத்தைக் கண்டால் பாரம் எங்கே இறங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? எங்கள் தமிழையும் எங்கள் அம்மா அப்பா ஊரில் இருந்த அளவிலேயே, அதே பாரத்தோடு, இங்கே கொண்டுவந்து எங்கள் தலையில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் கொண்டுவர அவர்களிடம் வேறு அதிகம் இருக்கவில்லை. ஆனால் பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் விளையாடி, சனிக்கிழமை மட்டும் தமிழ் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு அது பெரிய பாரம். எனக்குப் பத்து வயதில், "வாழைப்பழம்" சரியாகச் சொல்ல வராததற்கு ஒரு பெரியவர் சபையில் வைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பல வருசம் நான் ஆட்களுக்கு முன்னால் தமிழ் கதைக்கவில்லை. அம்மம்மாவோடு ரெலிபோனில்கூட "ஓம்", "இல்லை" மட்டும்தான். அவ போன பிறகுதான், எவ்வளவு கேட்காமல் விட்டேன் என்று விளங்கியது.

அரைகுறைத் தமிழ் டூப்ளிகேற் இல்லை என்பதுதான் என் கட்சி. இடையிடையே பிரெஞ்சு வந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும், அது இந்த மண் தாங்குகிற தமிழ். சாய்ந்து விழப்போகிற கல்லைவிட, நிமிர்ந்து நிற்கிற அலுமினியம் மேல்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கழற்றி எறியலாமா? இல்லை. அந்தத் தேவாலயத்தில் பாரத்தைக் குறைத்தது உச்சியில் மட்டும். அடியில் தோண்டியபோது பாரத்தை இன்னும் ஆழத்துக்கு இறக்கினார்கள். எங்களுக்கு அடி என்பது வீட்டில் கதைக்கிற பேச்சு. மேடைப் பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, திருக்குறள் போட்டியில் பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவோடு, அப்பப்பாவோடு தமிழில் கதைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைகளுக்கு மேலே தேவாலயம் நிற்பது அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அது முழுவதும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குத்தகைப் பணம் வருகிறது, கதவு திறந்திருக்கிறது, குளிருக்கு ஒதுங்க வந்தவர் உள்ளே வந்து இருக்கிறார். மூடிப் பூட்டின அழகான கட்டடத்தைவிட எனக்கு இது போதும்.

ஏற்கெனவே தமிழ் விட்டுப்போச்சு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. அந்தக் கோபுரம் 13 வருசம் கூர் இல்லாமல் நின்றது. அந்த நாட்களிலும் அது தேவாலயம்தான். இடைவெளி விழுந்தால் திரும்ப வைக்கலாம்.

அடுத்தமுறை மக்கில் மெற்றோவில் இறங்கினால் மேலே ஏறி வாருங்கள். உள்ளே ஐந்து நிமிசம் இருங்கள். பிறகு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, கல் எங்கே முடிகிறது, அலுமினியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். வீட்டுக்குப் போய் அதை அம்மம்மாவுக்குச் சொல்லுங்கள், வருகிற தமிழில். அலுமினியத்துக்குத் தமிழில் என்ன என்று அவ கேட்டால், அலுமினியம் என்றே சொல்லுங்கள்.