உமர் கய்யாமா, பிற்ஸ்ஜெரால்டா?

உமர் கய்யாம் என்றதும் மதுக்கிண்ணமுங் கையுமாக மரநிழலில் வீற்றிருக்கும் ஒருவனே நம்மவர் பலரின் மனக்கண்முன் தோன்றுகின்றான். நிஷாப்பூரில் 1048ஆம் ஆண்டு பிறந்த உமரோ கணித மேதையாகவும் வானநூல் வல்லுநராகவும் மதிக்கப்பட்டவர். முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பின் வெட்டுமுக வளைகோடுகளைக் கொண்டு தீர்க்க வழிகண்டவர். 1079இல் வழக்குக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை ஆக்கிய அறிஞருள் ஒருவர். அவர் பெயரால் வழங்கும் நாலடிப் பாடல்களுள் எவை அவர் வாக்கு, எவை பிறர் வாக்கு என்பது இன்னும் முடிவுறாத வழக்கு. இத்தகைய ஒருவரை மதுக்கடை வேதாந்தியாக்கிய பெருமை எட்வேர்ட் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் ஆங்கிலேயரையே பெரிதும் சாரும்.

பிற்ஸ்ஜெரால்ட் பாரசீகம் அறியாதவரல்லர். கவல் என்னும் நண்பரிடம் 1852 தொடக்கம் அம்மொழியைக் கற்றார். ஒக்ஸ்போர்ட் ஏடொன்றும், பின்னர்க் கவல் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய பிரதியொன்றும் அவருக்கு மூலமாயின. 1859இல் தம் பெயரின்றி 250 பிரதிகள் அச்சிட்டார், வாங்குவாரில்லை. பழம்புத்தகப் பெட்டியில் ஒரு பென்னி விலைக்குக் கிடந்த அந்நூலை 1861இல் விற்லி ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் கண்டெடுத்தார். அவர் வழியாகவே றொசெற்றி, ஸ்வின்பேர்ன் ஆகிய கவிஞர்கள் அதனை அறிந்தனர். மறு ஆண்டு சென்னைக்கு வந்த ஸ்ரோக்ஸ், அங்கே அந்நூலைத் தனிப்பட மறுபதிப்புச் செய்தார் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தி.

ஆனால், அவர் செய்தது மொழிபெயர்ப்பா? ருபாயி ஒவ்வொன்றும் நமது வெண்பாவைப்போலத் தனித்து நிற்பது. ஏடுகளில் அவை ஈற்றெழுத்தின் அகரவரிசையிற் கிடக்கும், தொடர்பு கிடையாது. பிற்ஸ்ஜெரால்ட் சிலவற்றைப் பொறுக்கி, விடியலில் தொடங்கி நிலவெழும் இரவில் முடியும் ஒருநாட் காவியமாகத் தொடுத்தார். நம் தனிப்பாடற்றிரட்டிலிருந்து நூறு வெண்பாக்களை எடுத்து வெட்டி ஒட்டி, ஒரே புலவரின் காப்பியம் என்று யாரேனும் தந்தால் நம் பண்டிதர்கள் பொறுப்பார்களா? எட்வேர்ட் ஹெரன் அலன் என்பார் 1899இல் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 101 பாடல்களுள் 49 மட்டுமே தனியொரு மூலப் பாடலைத் தழுவியவை. 44 பல பாடல்களின் கலவை. எஞ்சியவற்றுட் சில அத்தாரிடமும் ஹாபிஸிடமும் பெற்றவை. (பிற்ஸ்ஜெரால்டைத் திருத்தப் புறப்பட்டு 1967இல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்ட றொபேர்ட் கிறேவ்ஸ் நம்பிய "பழைய ஏடு", ஹெரன் அலனின் நூலிலிருந்தே முளைத்தது என்று பின்னர் வெளிப்பட்டமை வேறு கதை!)

அந்த ஆங்கிலப் பாட்டு அழகியது. நான் பலமுறை விரும்பிப் படித்திருக்கின்றேன். மனத்தை உறுத்துவது வேறொன்று. பாரசீகக் கவிஞர்கள் அஞ்சத்தக்க பெருங்கவிஞரல்லர், அவர்களை உருப்படுத்தச் சிறிது கலை வேண்டும் என்ற கருத்துப்பட 1857இல் அவர் கவலுக்கு எழுதியிருக்கின்றார். ஜேர்மன் மகாகவி கதேயின் போக்கையும் பாருங்கள். அவருக்குப் பாரசீகம் தெரியாது. 1814இல், அறுபத்துநான்கு வயதில், ஹம்மர் என்பாரின் மொழிபெயர்ப்பிலேதான் ஹாபிஸைப் படித்தார். படித்தவர், அவரைத் தம்முடன் பிறந்த இரட்டையராகக் கொண்டாடினார். 1819இல் வெளியிட்ட திவானைத் தம் பாட்டென்றே உலகுக்குச் சொன்னார். ஹாபிஸின் தலையிற் சுமத்தவில்லை. கீழைநாட்டுக் கவிஞரைப் பற்றி நூலின் பின்னே நீண்ட விளக்கமும் வரைந்தார். மொழியறிந்தவர் அலட்சியஞ் செய்தார், அறியாதவர் வணங்கினார். அத்திவானுக்கு விடையாக 1923இல் இக்பால் பாரசீகத்திலேயே ஒரு நூல் பாடியது அவ்வணக்கத்துக்குக் கிடைத்த பதில் வணக்கம் எனலாம்.

பிற்ஸ்ஜெரால்ட் வெட்டிய பாதை இன்றும் தூர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் ரூமியின் பெயரைப் பரப்பிய கோல்மன் பார்க்ஸ், பாரசீகம் அறியாமலே, நிக்கல்சன், ஆர்பெரி போன்றோரின் ஆங்கிலப் பெயர்ப்புகளை 1976 முதல் புதுக்கவிதையாக மாற்றியமைத்தவர். 13ஆம் நூற்றாண்டிலே கொன்யாவில் மார்க்க ஞானம் போதித்த மௌலானாவின் மஸ்னவியில் குர்ஆன் வசனங்கள் ஊடும் பாவுமாக ஓடுகின்றன. பார்க்ஸின் பக்கங்களிலே அவ்விழைகள் பெரும்பாலும் உருவப்பட்டுவிட, எவரையும் உறுத்தாத காதலன் ஒருவன் எஞ்சுகின்றான்.

நாமும் இதிலிருந்து விலகி நிற்பவரல்லர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் உமர் கய்யாம் பாடல்கள் பிற்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தைத் தழுவி எழுந்தவை. அவற்றின் தமிழினிமையைப் பற்றி இரண்டாம் பேச்சில்லை. ஆயினும், "கய்யாமின் வாழ்க்கைத் தத்துவம்" என்றே பாடத்தைத் தொடங்கும் வழக்கம் நம் ஆசிரியரிடையே உண்டு. நிஷாப்பூரிற் புறப்பட்டு, இங்கிலாந்தின் சபொக் நாட்டுப்புறத்திலே தங்கி, நாஞ்சில் நாட்டுக்கு வந்து சேர்ந்த பாட்டு அது. அந்த நடு ஊரையும் மாணவருக்குச் சொல்லிவிட்டால் என்ன? வகுப்பில் இரண்டு நிமிடங்கூடச் செலவாகாது.