நோய் பெருகியதா, வரையறை விரிந்ததா? கோலார் தங்கவயல் தரும் பாடம்

1993-இல் அமெரிக்கா எய்ட்ஸ் நோயின் வரையறையை விரிவாக்கியது. எச்.ஐ.வி. தொற்றியவரின் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால், வேறு நோய்க்குறி தோன்றாவிடினும் அது எய்ட்ஸ் எனக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டு பதிவான நோயாளர் தொகை முந்தைய ஆண்டினதைப் போல் இருமடங்கைக் கடந்தது. கிருமி அவ்வளவு பெருகவில்லை. சொல்லின் எல்லை நகர்ந்தது.

இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுவது கோலார் தங்கவயல். கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் தொற்றுநோயன்று. எனினும் அங்கு அது கொள்ளைநோயின் அளவை எட்டியிருந்தது. 1880-களிலிருந்து வட ஆர்க்காடு, சேலம் பகுதித் தமிழர்கள் அங்கே பாறையைத் துளைத்தார்கள். மைசூர் அரசின் சிலிகோசிஸ் விதிகளோ 1940-இல்தான் வந்தன. அதிலிருந்து 1946 வரை 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் நோய் காணப்பட்டது. அந்த ஆறாண்டுகளில் முளைத்த நோயன்று அது. நோய் முன்பே இருந்தது. கணக்குத்தான் பிறகு வந்தது.

வரையறை வந்த பின்னும் அதன் எல்லை நிலைகொள்வதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி எக்ஸ்ரே படத்தின் நிழற்புள்ளிகள் பன்னிரண்டு படிகளில் மதிப்பிடப்படுகின்றன. 1/0 என்னும் படியிலிருந்து நோய் எனக் கொள்வோரும் உண்டு. அடுத்த படியான 1/1-லிருந்து கொள்வோரும் உண்டு. படங்கள் அவையே, தொகை வேறு. சிலிகா தூசி காசநோய்க்கும் வழிதிறக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால், இந்திய இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிஸே இன்றியமையாத காரணி என நிறுவக் கோருகிறது. இறப்புச் சான்றில் 'காசநோய்' என்று மட்டும் எழுதப்பட்டால், ஒரு மனிதர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடுகிறார்.

காலமும் ஒரு வரையறையே. தென்னாப்பிரிக்கத் தங்கச்சுரங்கத் தொழிலாளரை நெடுங்காலம் தொடர்ந்த ஓர் ஆய்வில், நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சுரங்கத்தை விட்டகன்ற பின்னரே படத்தில் நோய் தெரிந்தது. கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. பணியிலிருப்போரை மட்டும் எண்ணும் கணக்கின்படி, இன்று அவற்றின் தொழிலாளருள் சிலிகோசிஸ் நோயாளர் தொகை சுழியம். மூச்சிரைக்கும் முதியவர்கள் அக்கணக்கில் இல்லை.

வரையறையை விரித்தால் ஐயத்துக்குரிய நிழல்களும் நோயாகிவிடும் என்னும் எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் அதற்குத் தீர்வு பழைய எல்லையில் உறைந்துவிடுவதும் அன்று. யார், எந்தப் படியில், எக்காலம்வரை எண்ணப்பட்டனர் என்பது ஒவ்வோர் எண்ணுடனும் அச்சேற வேண்டும். வரையறை மாறும் ஆண்டில் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் எண்ணி, இரு தொகைகளையும் அருகருகே வெளியிட வேண்டும். அப்போதுதான் நகர்ந்தது நோயா, சொல்லா என்று வாசிப்பவர் அறிவார். இழப்பீடு கேட்டு நிற்பவருக்கு இது வெறும் முறையியல் சிக்கலன்று. தாம் எண்ணப்படுவோமா என்னும் கேள்வி.