பார்க்காத பிள்ளைக்குச் சட்டம் உண்டு. பார்க்கிற பிள்ளைக்கு லீவு உண்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை முதல் கெமிக்கல் கம்பெனி வரை ராப்பகலாக ஷிப்டு ஓடுகிறது. பழுக்கக் காய்ந்த கம்பியை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற தொழிலாளிக்கு அங்கே இன்னொரு ஷிப்டு காத்துக் கிடக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகு துடைக்க வேண்டும், கஞ்சி புகட்ட வேண்டும். கேட்டில் இருக்கிற நோட்டில் இந்த ஷிப்டு ஏறுவதில்லை.

நோயாளிக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க நர்சு வந்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் ஆனது. நல்ல காரியம்தான். ஆனால் நர்சு வந்து போன பிறகு மிச்சப் பொழுது முழுக்க யார் பொறுப்பு? மனைவி, மகள், மருமகள்! அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வீட்டில் ஒரு சம்பளம் நின்று போச்சு என்று அர்த்தம்.

2016-ல் பார்லிமெண்டு போட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவில், பார்த்துக்கொள்கிற ஆளுக்கென்று படி தரத் திட்டம் போட வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. கஜானாவின் வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறது! கேரளத்தில் "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில் மாதம் 600 ரூபாய். தமிழ்நாட்டில் அதிக உதவி தேவைப்படுகிறவர்களின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதற்கு இது ஈடாகுமா? மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பணத்தை விடப் பெரிய பிரச்சினை லீவு.

சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். முதலாளி மூணேகால் ரூபாய் கட்டுகிறார். தொழிலாளிக்கே உடம்பு முடியவில்லை என்றால் வருஷத்தில் 91 நாள் வரை நூற்றுக்கு 70 ரூபாய் கணக்கில் கிடைக்கும். அவரை நம்பி இருக்கிற தாயாருக்குப் பக்கவாதம் என்றால்? தாயாருக்கு வைத்தியம் உண்டு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற மகனுக்குக் காசு கிடையாது. 20 நாள் உழைத்தால் 1 நாள் என்று சேர்ந்த சம்பள லீவுதான் அவருக்குக் கதி. அதுவும் நிரந்தரத் தொழிலாளிக்கு. காண்டிராக்ட் ஆள் நாலு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவார்.

மத்திய அரசு ஊழியர் தனக்குள்ள 30 நாள் ஈட்டிய விடுப்பை வயதான பெற்றோரைக் கவனிக்கவும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் ராஜ்யசபாவில் மந்திரி சொன்னார். ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு நியாயம், உலைக்களத்துக்கு ஒரு நியாயமா?

ஜப்பானில் வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் அவருக்காக 93 நாள் லீவு. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை இன்சூரன்ஸ் நிதியிலிருந்து வருகிறது. எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. இந்தச் சமாச்சாரம் அங்கே புதிதல்ல. ஈ.எஸ்.ஐ.யிலும் இதே மாதிரி ஒரு பிரிவைச் சேர்க்கட்டும். முழு 93 நாள் வேண்டாம், முதலில் 30 நாள் கொடுத்துப் பார்க்கலாமே!

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைக்கு 2007-ல் சட்டம் வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரை கட்டு என்று உத்தரவு போட முடியும். கவனிக்கிற பிள்ளைக்கு என்ன வந்தது?

2025 நவம்பரில் "அன்புச்சோலை" என்று முதியோர் பகல் காப்பகங்கள் திறந்தார்கள். சிப்காட் வாசலில் ஒன்று வந்தால் வேலைக்குப் போகிறவர் பெரியவரை விட்டுவிட்டுப் போகலாம். 50 பேர் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தினார்களே, அதே யோசனைதான்.

கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டிக்காரர் ரயிலில் போனால் பேசின்பிரிட்ஜ் வந்து வண்டி மாற வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் சுற்ற வேண்டும். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி காலி. அத்தனை நேரம் படுக்கையில் இருப்பவருக்குத் தண்ணி யார் கொடுப்பது? மாற்றுத்திறனாளிகள் நல அதிகாரி மாதம் ஒரு நாள் தவறாமல் கும்மிடிப்பூண்டி தாலுகா ஆபீசுக்கு வந்து உட்காரட்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.