உளவியல் படிப்பு: தொலைநிலைக் கல்வியில் ஏன் நிறுத்தப்பட்டது? நெல்லை மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

“சைக்காலஜியா? அப்ப நான் இப்ப என்ன நினைக்கேன்னு சொல்லு பாப்போம்!”

உளவியல் எடுத்திருக்கும் பிள்ளைகளிடம் கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கப்படும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி: “படிச்சு முடிச்சா எங்க வேலை கிடைக்கும்?” முதல் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கான பதில் 2025-ல் பெரிதாக மாறிவிட்டது.

என்ன நடந்தது?

2025 ஜூலை கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு முடிவுகள் வந்தன. ஜூலை 23-ம் தேதி கூடிய பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2021-ல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தின்படி உளவியலாளரும் ஒரு சுகாதாரப் பணியாளர். நோயாளியையே பார்க்காமல் தபாலில் படித்து ஒருவர் நர்ஸ் ஆக முடியாது. அதே தர்க்கம் இங்கேயும்.

ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமாக இருந்தாலும், தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆக, ஒரு பக்கம் ஆட்கள் தேவை என்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆட்கள் உருவாகி வந்த ஒரு வழியை மூடுகிறார்கள். கொள்கை அளவில் மூடியது சரிதான். ஆனால் அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ வேலை பார்த்துக்கொண்டே, குழந்தையை வளர்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தவர்களுக்கு மாற்று என்ன? பீடி சுற்றும் வீட்டிலிருந்து வரும் பெண் தினமும் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்குப் போய்ப் படிக்கும்படி நேரடிக் கல்லூரி இடங்களைக் கூட்டாமல் இந்தக் கதவை மட்டும் சாத்துவது அரைகுறை வேலை.

நெல்லைக்கு இது ஏன் முக்கியம்?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது; மாணவர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம்.

உளவியல் முதலாண்டுப் பாடத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் பகுதி ஒன்று இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். பெயரும் கொடியும் போட்டியும் வந்ததும், சில நாளிலேயே கொடியை எரிப்பது, அடுத்தவர் அறையைச் சூறையாடுவது என்று ஆகிவிட்டது. பிறகு முகாமின் தண்ணீர் வரத்து நின்றுபோக, இரு தரப்பும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அதுபோன்ற வேலைகளுக்குப் பின்தான் பகை தணிந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இன்னும் எளிதாகச் செய்து காட்டினார். ‘உனக்கு இந்த ஓவியர் பிடிக்கும், அவனுக்கு அந்த ஓவியர் பிடிக்கும்’ என்று சொல்லிப் பிரித்ததே போதும், பையன்கள் தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கயிற்றின் நிறம் எப்படி வேலை செய்கிறது என்பது இதைப் படித்தால் ஓரளவு புரியும். ஓரளவுதான். ஷெரீஃபின் இரண்டு அணியும் சமமானவை, சாதி அப்படியில்லை. நிலம், கோயில் மரியாதை, தெரு என்று தலைமுறைகளாக ஏற்றத்தாழ்வு இருக்கும் ஊரில், ‘ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்க’ என்று சொல்லி முடித்துவிட முடியாது. தவிர, ஆய்வாளர்களே சிறுவர்களைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் ஷெரீஃப் மீது உண்டு. பாடப்புத்தக ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய நாட்டு மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டவை என்று 2010-ல் ஜோசப் ஹென்ரிக் உள்ளிட்ட மூவர் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தாமிரபரணிக் கரையில் இதைப் படிக்கும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நம்ம ஊருக்கு எவ்வளவு பொருந்தும்?’ என்பதே. அதைக் கேட்க ஆய்வுமுறையும் புள்ளியியலும் தெரிய வேண்டும். கணக்கு வேண்டாம் என்று உளவியலுக்கு வருபவர்கள் அதிர்ச்சியடையும் இடமும் அதுதான்.

யார் யார் என்ன செய்யலாம்?

மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதன்மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பரிசோதனை, உளவியல் சிகிச்சை அவர் வேலை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இவருக்கான தகுதி தெளிவாக இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் முடித்துவிட்டு இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. மற்ற உளவியலாளர்களும் பலவகை ஆலோசகர்களும் புதிய ஆணையத்தின்கீழ் வருகிறார்கள். இதுவரை இந்த இடம்தான் திறந்த வீடாகக் கிடந்தது; பத்து நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உடனடி உதவி வேண்டுவோருக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

ஏற்கெனவே தொலைநிலையில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம். தடை புதிய சேர்க்கைக்குத்தான். இனி சேரப்போகிறவர்கள் கட்டணத்தை விசாரிப்பதோடு நிறுத்தாமல், ஆய்வகம் இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் அல்லது பள்ளியில் பயிற்சி, மேற்பார்வை செய்பவருக்கு என்ன தகுதி என்றும் கேளுங்கள். விளக்கக் கையேட்டில் பதில் இல்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன் துறைத் தலைவரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.